வடிசாலையைச் சுற்றிக் காட்டிய லாலா

எங்கள் அமாத்தித்தான் ஊரில் எவுலாலியா தோவார் எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் ஆட்கள் தலையைச் சொறிவார்கள். லாலா என்று கேட்டால் கை காட்டுவார்கள். பெரும்பாலும் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும்.

அந்தக் குரலால்தான் அவளுக்கு 'லா டோர்த்தோலா'வில் முதலில் தொல்லையும் பிறகு பிழைப்பும் வந்தன. லா டோர்த்தோலா எங்கள் ஊர் வடிசாலை, கற்றாழைச் சாற்றிலிருந்து டெக்கீலா என்ற சாராயம் காய்ச்சும் இடம். பெரிய கம்பெனி இல்லை. செங்கல் அடுப்பு இரண்டு, வட்டக் குழியில் உருளும் ஒரு கல், மரத்தொட்டிகள், செம்புக் கொப்பரைகள், அவ்வளவுதான். நான் சாயோ. வாசலுக்கு அருகே, வருகிறவர்களுக்கு டெக்கீலாவை ருசி பார்க்க ஊற்றிக் கொடுக்கும் மேடை என்னுடையது. லாலாவின் மகள் பெர்லாவுக்கு நான்தான் ஞானத்தாய். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றே கூப்பிட்டுக்கொள்வோம். அக்கா தங்கை உறவைவிட ஒரு பிடி நெருக்கம் அது.

லாலா அப்போது பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டும் கையைவிடப் பேசும் வாய் வேகம். அவள் ஒரு கதையை ஆரம்பித்தால் மேசையில் உள்ள எல்லோருடைய கையும் நின்றுவிடும். மேற்பார்வையாளர் அவளைத் தூக்கி மேசையின் கோடியில் போட்டார். பிறகு தனி மேசையில் போட்டார். கடைசியில் கிடங்கின் மறுபக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு முன்பு கேட்காதவர்களுக்கும் அவள் கதை கேட்க ஆரம்பித்ததுதான் மிச்சம்.

சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவளுக்கு வாழ்க்கை அப்படி ஒன்றும் சிரிப்பாக இருந்துவிடவில்லை. புருஷன் வேலைக்கென்று வடக்கே எல்லையைத் தாண்டிப் போனான். கொஞ்ச நாள் போனில் பேசினான். பிறகு அங்கேயே ஒருத்தியோடு குடும்பம் என்று செய்தி வந்தது, விவாகரத்தும் வந்தது. அந்த ஆண்டு தவக்காலம் முழுக்க லாலா அழுதாள். ஈஸ்டர் ஞாயிறு காலையில் சிவப்பு ஷூ ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். "அழுது முடிச்சிட்டேன் கொமாத்ரே, இனிமே அழணும்னா வேற காரணம் தேடணும்" என்றாள். பெர்லாவைப் படிக்க வைத்து, குவாதலஹாராவில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலைக்கும் சேர்த்துவிட்டாள்.

வடிசாலையைச் சுற்றிக் காட்ட நகரத்திலிருந்து ஒரு இளைஞனை முதலாளி தோன் ஹில்தார்தோ வைத்திருந்தார். 'தோன்' என்பது எங்கள் ஊரில் ஆண்களுக்குப் போடும் மரியாதைச் சொல். நல்ல பையன். ஆனால் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பது போலப் பேசுவான். ஒரு சனிக்கிழமை இரண்டு பஸ் நிறையப் பள்ளி ஆசிரியர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், அவனைக் காணோம். கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று அப்புறம்தான் தெரிந்தது. தோன் ஹில்தார்தோ வியர்க்க விறுவிறுக்க லேபிள் கிடங்குக்குள் ஓடிவந்தார்.

"யாராவது வந்து இவங்களுக்குச் சுத்திக் காட்டுங்கப்பா! இங்க யாருக்கு வாய் இருக்கு?"

கிடங்கே ஒரு திசையில் கை காட்டியது.

லாலா கையில் ஒட்டியிருந்த பசையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஆசிரியர்கள் சிரித்த சிரிப்பில் என் மேடைக் கண்ணாடிக் குவளைகள் அதிர்ந்தன. அதற்கப்புறம் அவள் லேபிள் மேசைக்குத் திரும்பவே இல்லை.

அவள் பேச்சை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், இன்னும் அலுக்கவில்லை. நீலக் கற்றாழையின் இலைகளைச் சீவி எறிந்தபின் மிஞ்சும் பெரிய கிழங்கு அன்னாசிப்பழம் போலிருக்கும். நாங்கள் அன்னாசி என்றே சொல்வோம். அடுப்பு வாசலில் அந்தக் குவியலைக் காட்டி, "பாருங்க ராசா, பாருங்க ராணி" என்று தொடங்குவாள். வருகிறவர் நீதிபதியானாலும் சரி, ஜெர்மனிக்காரரானாலும் சரி, ராசாவும் ராணியும்தான். "உள்ள போகும்போது கல்லு மாதிரி மொறைச்சுக்கிட்டுப் போகும். ரெண்டு நாள் ஆவியில வெந்து வெளிய வரும்போது எங்க மாமியார் பேரனைப் பாத்த மாதிரி குழைஞ்சிரும்." பிறகு வெந்த கற்றாழையில் ஆளுக்கொரு துண்டு. கருப்பட்டி நிறம், கருப்பட்டியை மிஞ்சும் தித்திப்பு. "சாறை உறிஞ்சிட்டு நாரைத் துப்பிரணும். முழுங்கிட்டா வயித்துல மொளைச்சு காதுவழியா இலை வரும், அப்புறம் எங்காளுங்க கத்தியோட உங்க வீட்டுக்கு வந்துருவாங்க." என் மேடைக்கு வந்ததும், "இதை மருந்து மாதிரி அண்ணாந்து ஊத்தக்கூடாது. முத்தம் குடுக்கிற மாதிரி தொட்டுத் தொட்டுக் குடிக்கணும். முத்தம் குடுத்து ரொம்ப நாளானவங்க பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்துக் கத்துக்குங்க" என்பாள்.

இனி அன்செல்மோ உர்சுவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவாதலஹாராவிலிருந்து சனிக்கிழமைதோறும் சுற்றுலாக்காரர்களை ஏற்றி வரும் பஸ்ஸின் டிரைவர். கட்டை மீசை, எருமைக் கழுத்து, வாயைத் திறந்தால் எண்ணி நாலு வார்த்தை. கல்யாணமே செய்துகொள்ளாமல் ஐம்பதைத் தாண்டியவர். ஆட்களை இறக்கிவிட்டு, எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள கொடுக்காய்ப்புளி மரத்தடியில் பஸ்ஸை நிறுத்தி, ரேடியோவில் கால்பந்து ஆட்டம் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் அட்லஸ் அணியின் ரசிகர். அந்த நாட்களில் கோப்பை வட்டமா சதுரமா என்பதே அந்த அணிக்கு மறந்துபோயிருந்தது. வருஷக்கணக்காக வந்தும் எங்கள் வாசற்படியை அவர் மிதித்ததில்லை. லாலாவுக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன தோன் அன்செல்மோ, இன்னிக்கும் உள்ள வரலியா?"

"வண்டி ஓட்டணும் சென்யோரா."

"குடிக்கவா சொன்னேன்? பாக்கத்தான சொன்னேன்."

"பாத்தாச்சு."

"எப்போ பாத்தீங்க?"

"கேட்டைப் பாத்தேன். நல்லாயிருக்கு."

இப்படி எத்தனையோ சனிக்கிழமை போயிற்று.

அப்போது மே மாதம், வெயில் உச்சியைப் பிளந்துகொண்டிருந்தது. ஸமோரா ஊரின் ஓய்வுபெற்ற நர்சுகளின் பாடகர் குழு ஒன்று, குவாதலஹாரா வந்து அங்கிருந்து அன்செல்மோவின் பஸ்ஸில் வந்து இறங்கியது. பஸ் நிறையப் பெண்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி ஊதாத் துப்பட்டா. தலைவி தோன்யா எர்மெலிந்தா என்ற குட்டையான அம்மாள். அவர் பார்த்தால் காய்ச்சல்கூட இறங்கிவிடும் போலிருந்தது.

சுற்றிக் காட்டுவதில் எல்லோரும் காத்திருப்பது அந்த உருளைக்கல்லுக்காகத்தான். வட்டக் குழியில் வெந்த கற்றாழையைப் பரப்பி, அதன் மேல் ஆளுயரக் கல் சக்கரத்தை உருட்டிச் சாறு பிழிவோம், எண்ணெய்ச் செக்கு மாதிரி. மற்ற நாட்களில் சின்ன டிராக்டர் இழுக்கும். சனிக்கிழமை மட்டும் விருந்தாளிகளுக்காகக் கோவேறு கழுதை. அதன் பெயர் வக்கீலம்மா. எது சொன்னாலும் ஆட்சேபம் தெரிவிக்கும் என்பதால் அந்தப் பெயர். அன்று வக்கீலம்மா குழியோரம் வந்து நின்றது, நின்றதோடு சரி. கழுதையைப் பார்த்துக்கொள்ளும் தாச்சோ கெஞ்சினான், வெல்லம் காட்டினான், காதில் ஏதோ சொன்னான். அது கண்ணை மூடிக்கொண்டது. டிராக்டர் பட்டறையில் கிடந்தது. குழி நிறையக் கற்றாழை காத்திருந்தது.

"ஏம்மா, கழுதை நிக்கறதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? எங்க ஊர்லயே நிறைய நிக்குதே" என்றார் எர்மெலிந்தா.

"மன்னிச்சுக்குங்க ராணி, இன்னிக்கு வக்கீலம்மா வாய்தா வாங்கிருச்சு."

"தள்ளு. நாங்க இழுக்கறோம்."

"அய்யய்யோ, கல்லு ரொம்பக் கனம்!"

"நாப்பது வருஷமா நோயாளிங்களைப் பெரட்டிப் போட்டிருக்கோம். அதுல பாதிப் பேரு இந்தக் கல்லைவிடக் கனம், கல்லாவது கெட்ட வார்த்தை பேசாது. வாங்கடி!"

பாதிப் பேர் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நுகத்தடியைப் பிடித்துவிட்டார்கள். கல் முனகியதே தவிர நகரவில்லை. முன்னால் நின்று இழுக்க எருமை மாதிரி ஒரு ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அத்தனை தலையும் வாசல் பக்கம் திரும்பின. எதிரே, மரத்தடியில், பஸ்ஸின் ஜன்னலில் ஒரு கழுத்து தெரிந்தது.

லாலா போய் பஸ் கதவைத் தட்டினாள்.

"இறங்குங்க தோன் அன்செல்மோ, உதவி வேணும்."

"சென்யோரா, அட்லஸ் ஒரு கோல் முன்னாடி இருக்கு!"

"அது உங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம், உடம்புக்கு ஆகாது. வாங்க."

என்ன நினைத்தாரோ, ரேடியோவை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். முதன்முதலாக எங்கள் வாசற்படியைத் தாண்டினார். நுகத்தடியின் முன்னால் போய் நின்று, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வக்கீலம்மாவை ஒரு தரம் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. எர்மெலிந்தா கையை உயர்த்தி ராகம் எடுத்துக் கொடுக்க, நர்சுகள் பாட ஆரம்பித்தார்கள். கல் அசைந்தது, பிறகு உருண்டது. பாட்டின் தாளத்துக்குச் சரியாக ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சாறு குழியில் தேனாக ஓடியது. வேலையாட்கள் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து கைதட்டினார்கள். தோன் ஹில்தார்தோ தொப்பியைக் கழற்றிச் சுழற்றினார். லாலாவும் குழியைச் சுற்றி ஓடி ஓடி, "இந்தக் கழுதைக்கு மீசை இருக்கு பாருங்க ராணிங்களா! தீனி கம்மி, உழைப்பு ஜாஸ்தி, இதை நாங்களே வச்சுக்கறோம்!" என்று கத்தினாள்.

கல்லை நிறுத்தியபின் ஒரே ஆரவாரம். அன்செல்மோவுக்கு அத்தனை கைதட்டலை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூச்சத்தோடு ஒரு வணக்கம் போடக் குனிந்தார். கால் வழுக்கியது. குழிக்குள் பொத்தென்று உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து, தலைமுதல் கால்வரை கற்றாழைச் சக்கையில் புரண்டு எழுந்தார்.

"யாரும் தொடாதீங்க!" என்று எர்மெலிந்தா அதட்டினார். அடுத்த நொடி அத்தனை நர்சுகளும் தொட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நாடி பிடித்தாள், ஒருத்தி இமையைத் தூக்கிப் பார்த்தாள், ஒருத்தி முழங்காலை மடக்கி நீட்டினாள். "எங்க வலிக்குது? இங்கயா? இங்கயா?" என்று எட்டுத் திசையிலிருந்தும் கேட்டார்கள். பாவம், அவருக்கு எங்கும் வலிக்கவில்லை, பதில் சொல்லத்தான் வழியில்லை.

அதற்குள் தேனீக்கள் வந்துவிட்டன. அடுப்பு திறந்திருக்கும் நாட்களில் எங்கள் முற்றத்தில் எப்போதும் தேனீ இருக்கும். எங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் நடமாடும் சர்க்கரை மூட்டையை அவை அதுவரை கண்டதில்லை. முதலில் தோளில், பிறகு காதில், பிறகு மீசையில். அன்செல்மோ ஒரு அலறலோடு வாசலைத் தாண்டி ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார். தேனீக்களும் ஏறின. பஸ்ஸிலிருந்து குதித்து மறுபடி முற்றத்துக்கே ஓடி வந்தார். பாதித் தேனீ கூடவே வந்தது, மீதி பஸ்ஸிலேயே தங்கிவிட்டது.

"நில்லுங்க" என்றாள் லாலா.

நான் அவளைச் சின்ன வயதிலிருந்து அறிவேன். அவ்வளவு மெல்ல அவள் பேசி அன்றுதான் கேட்டேன். அவர் சிலையாக நின்றார். அவள் பக்கத்தில் போனாள். அவள் மேலும் நாலைந்து தேனீ உட்கார்ந்தது, அவள் கண்டுகொள்ளவில்லை.

"மூச்சை மெதுவா விடுங்க. அதுங்க உங்களைக் கடிக்க வரல. நக்க வந்திருக்கு, அவ்வளவுதான். என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. குழந்தை நடக்கிற மாதிரி. ஆங், அப்படித்தான்."

"மீசையில இருக்கு" என்றார் அவர், உதடு அசையாமல்.

"இருக்கட்டும். அழகாத்தான் இருக்கு."

தண்ணீர்த் தொட்டிவரை கூட்டிப் போய், வாளி வாளியாக மொண்டு அவர் தலையில் ஊற்றினாள். ஒரு கொட்டுகூட இல்லாமல் ஆள் தப்பினார். தாச்சோவின் நீல வேலையுடுப்பைக் கொடுத்தோம். அதன் கால் அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

பஸ்ஸுக்குள் இருக்கையெல்லாம் சாறு, சாறு மேலெல்லாம் தேனீ. பொழுது சாய்ந்து அவை கூட்டுக்குத் திரும்பும்வரை யாராலும் கிளம்ப முடியாது. நர்சுகளுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. சந்தையிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோள ரொட்டியும் வந்தன. என் மேடையில் அன்றைக்கு நான் உட்காரவே இல்லை. ஊதாத் துப்பட்டாக்கள் முற்றத்தில் சுழன்று ஆடின. எர்மெலிந்தா தோன் ஹில்தார்தோவை இழுத்து ஆட வைத்து, நடுவில் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பற்றி விசாரித்தார். வக்கீலம்மா கண்ணைத் திறந்து, தானாகவே நுகத்தடியருகே போய் நின்றது.

"இப்ப வந்து நிக்குது பாரு, சனியன்!" என்று தாச்சோ தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தக் கூத்துக்கு நடுவே அன்செல்மோ லாலாவிடம் வந்தார். "வந்தது வந்தாச்சு. எனக்கும் சுத்திக் காட்டுவீங்களா?"

காட்டினாள். அடுப்பு, தொட்டி, கொப்பரை, பீப்பாய் அறை, ஒன்றையும் விடவில்லை. அவர் ஒரு ஆள்தான், ஆனால் நாற்பது பேருக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி வராது. என் மேடைக்கு வந்தபோது அவர் குவளையை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வண்டி ஓட்டணும். வாசனை போதும்" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, "இதையெல்லாம் எல்லாருக்கும் சொல்றீங்க. இங்க உங்களுக்கு எது புடிக்கும்?" என்று கேட்டார்.

அவளிடம் அதற்குத் தயாராக எந்த வேடிக்கையும் இல்லை. அவளை அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"அடுப்புக் கதவைத் தொறக்கற நேரம்" என்றாள், அடுப்புப் பக்கம் பார்த்தபடி. "திங்கக்கிழமை விடியறப்ப தொறப்பாங்க. மொத ஆவி வெளிய வரும் பாருங்க, ஊரே இனிக்கும். எனக்கு அன்னிக்கு லீவு. இருந்தாலும் வந்து நிப்பேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அட்லஸ் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றுப்போயிருந்தது. அதைக் கேட்டும் அவர் முகம் வாடவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை, கொடுக்காய்ப்புளி மரத்தடியில் அந்தப் பஸ் காலியாக நின்றது. அடுப்புக்கு முன்னால், ஆவிக்குள், இஸ்திரி போட்ட சட்டையோடு அன்செல்மோ நின்றுகொண்டிருந்தார். லாலா வந்து பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அவளைச் சும்மா விடுவோமா? "கொமாத்ரே, பஸ்ஸு தினமும் வருதே, ரூட்டு மாத்திட்டாங்களா?" என்று நான் கேட்பேன். "போடி, உனக்கு வேலையில்ல" என்பாள், காது சிவக்கும். பெர்லா நகரத்திலிருந்து வந்தாள். அம்மாவுக்கு ஒரு ஆள் என்றதும் அவள் முகம் இறுகித்தான் இருந்தது. மேசையில் அன்செல்மோவுக்கு எதிரே உட்கார்ந்து, அவரை ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தாள். கடைசியில் "வாயைத் தொறங்க" என்றாள். அவர் திறந்தார். செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தாள்.

"கடவாய்ப் பல்லு ஒண்ணு கவனிக்கணும். மத்தபடி சுத்தமா வச்சிருக்காரு. பொறுமையான மனுஷன்தாம்மா."

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. கொரியாவிலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு அன்செல்மோவும் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். லாலா அடுப்பைப் பற்றி உச்சத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையைத் தூக்கினார்.

"ஒரு கேள்வி. என்னைக் கட்டிக்குவீங்களா?"

"கேள்வியெல்லாம் கடைசில" என்றாள் லாலா. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். பேச்சு ஒரு கணம் தடுக்கியது, ஆனால் நிறுத்தவில்லை. அடுப்பிலிருந்து கல்லுக்குப் போனாள், கல்லிலிருந்து தொட்டிக்கு. தொட்டியைக் கொப்பரை என்றாள், கொப்பரையைப் பீப்பாய் என்றாள். கொரியர்களுக்கு மொழிபெயர்த்த பெண் விஷயத்தை அவர்கள் காதில் போட்டுவிட்டாள் போல. அதற்குமேல் ஒருவரும் கற்றாழையைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அன்செல்மோ மேல்தான். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முழுச் சுற்றையும் ஒழுங்காக நடந்து முடித்தார்.

என் மேடைக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லோர் கையிலும் குவளை கொடுத்தேன். லாலா முந்தானை போலக் கழுத்துத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டாள்.

ஒரே ஒரு கை உயர்ந்தது.

"ம்" என்றாள். "கட்டிக்கறேன். வேற கேள்வி?"

நான் கையிலிருந்த குவளையைப் போட்டு உடைத்தேன். கொரியர்கள் அவரைத் தோளில் தூக்கப் பார்த்து, முடியாமல், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

கல்யாணம் பிப்ரவரியில். ஸமோராவிலிருந்து நர்சுகள் வந்து பாடினார்கள். தேனிலவுக்கு எங்கே என்று கேட்டபோதுதான், லாலா கடலையே பார்த்ததில்லை என்று அன்செல்மோவுக்குத் தெரிந்தது. மன்ஸனீயோ கடற்கரைக்குப் பஸ்ஸிலேயே போகலாம் என்றார். லாலா பஸ்ஸை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இத்தனை சீட்டு காலியாவா போகும்? பாவமில்ல?"

ஆக, தேனிலவுக்கு லா டோர்த்தோலாவே கிளம்பியது. லேபிள் ஒட்டுகிறவர்கள், அடுப்புக்காரர்கள், தாச்சோ, பெர்லா, தோன் ஹில்தார்தோவும் அவர் மனைவியும், நான், மடியில் சோள ரொட்டிக் கூடையோடு. வழியெல்லாம் லாலா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்றபடி, ஜன்னலில் தெரிந்த மலை, மாடு, பெட்ரோல் பங்க் எல்லாவற்றையும் எங்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். பாதிக்குமேல் பொய். அன்செல்மோ கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்து, மீசைக்கடியில் சிரித்துக்கொண்டு ஓட்டினார்.

கடைசி வளைவைத் தாண்டியதும் கடல் வந்தது. பஸ் நின்றும் நிற்காமலும் லாலா இறங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றி மணலில் எறிந்துவிட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். முதல் அலை வந்து முழங்காலில் அடித்தது. அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"உப்புடா சாமி! யாரு இதைக் காய்ச்சினது?" என்று அவள் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அன்செல்மோ பேன்ட்டைக்கூட மடிக்காமல் தண்ணீருக்குள் இறங்கி அவளிடம் போய்க்கொண்டிருந்தார். நாங்களும் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினோம்.